கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கடை மூடிக் கிடந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெருக்கிய தரையையே திரும்பவும் பெருக்குவேன். அடுப்பில் நெருப்பில்லை என்று தெரிந்தும் போய்ச் சாம்பலைக் கிளறிப் பார்ப்பேன். நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்து கடைக்கும், கடையிலிருந்து லயத்துக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ரோட்டில் லோரி சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். லோரி நிற்காமல் போய்விடும்.

"உனக்குக் கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு எடத்துல குந்தேன்டி" என்பார் அண்ணி.

அண்ணி என்றால் என் கணவரின் அக்காள். அவருடைய புருஷன் கீழே ரப்பர் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அதற்குப் பிறகு மலையேறி வந்து தம்பி வீட்டில் ஒட்டிக்கொண்டவர். எனக்கும் அவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. நான் வைத்த குழம்பில் அவர் மறுபடி உப்புப் போடுவார். அவர் மடித்த துணியை நான் பிரித்து மடிப்பேன். நடுவில் ஒரு மனுஷனை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். அந்த மனுஷனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டான். கங்காணிதான் ஆள் பொறுக்கிக் கொடுத்தார். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் லோரியில் ஏற்றினார்கள். இழுப்பதற்கு ஆளில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் மிஞ்சினோம்.

பிறகுதான் கடை போட்டோம். தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் வந்து சேரும் முடக்கில், நாலு கம்பம் நட்டு, பழைய தகரம் போட்டு, மூன்று பக்கமும் பெட்டிப் பலகை அடித்த கடை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் மலையில் பாதித் தேயிலை மரமாக வளர்ந்து நின்றாலும், ஃபேக்டரியில் கொஞ்சம் தூள் கிடைத்துக்கொண்டிருந்தது. சீனி போடாத தேத்தண்ணி, அவித்த மரவள்ளிக்கிழங்கு, என்றைக்காவது சர்க்கரைவள்ளி. அவ்வளவுதான் வியாபாரம். பிழைப்புக்காகக் கடை போட்டோம் என்று எல்லாரிடமும் சொன்னோம். எனக்கு வேண்டியிருந்தது லோரிகள். பிரிஞ்சாங் பக்கத்துச் சீனர்களின் காய்கறியை ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கும் லோரிகள் எங்கள் முடக்கில் நின்றுதான் போகும். தேத்தண்ணியைக் கையில் கொடுக்கும்போது மெல்லக் கேட்பேன். "கீழ சயாம் ஆளுங்க யாராச்சும் திரும்பி வந்தாங்களா?" இல்லை என்று தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்ப்பதற்காகவே விடிவதற்குள் எழுந்து அடுப்பு மூட்டினேன்.

அப்புறம் காலரா வந்தது. கீழேயிருந்து லோரியில் வந்தது என்றார்கள், ஆற்றுத் தண்ணீரில் வந்தது என்றார்கள். மேல்லயத்தில் காலையில் கொழுந்துக் கூடையோடு கிளம்பிய ஒருத்தி பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டில் வரிசையாக. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, மருந்து கட்டுகிற டிரெசர் ஒருவர்தான். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர். மருந்து தீர்ந்துபோன அலமாரியைத் திறந்து திறந்து மூடுவார். நோய் கண்டவர்களை ஃபேக்டரிக்குப் பின்னால் வேலி கட்டி ஒரு கொட்டகை போட்டு வைத்தார்கள். அதற்குள் போனவர்களில் நடந்து வெளியே வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கடைகளையெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு சிப்பாய் வந்து எங்கள் கம்பத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி, அடுப்பில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனான். லோரிகள் நிற்பது அத்தோடு போயிற்று. செய்தியும் போயிற்று.

செத்தவர்களைப் புதைப்பது ஓய்ந்து, லயங்களில் கொஞ்சம் மூச்சு வந்த பிறகு, ஒருநாள் கிராணி எங்களையெல்லாம், காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்துக்கு வரச் சொன்னார். தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதுகிற அந்தக் கிராணிக்குத்தான் ஜப்பான்காரனோடு பேசவும், அவன் சொல்வதை எங்களுக்குச் சொல்லவும் வேலை. கடைகளைத் திறக்கலாம், ஆனால் இப்படி இப்படித்தான் திறக்க வேண்டும் என்று ஒரு உத்தரவை அவர் தமிழில் வாசித்தார்.

"தண்ணி கொதிச்சுக் கொமிழி வரணும். பச்சத் தண்ணி ஒரு சொட்டு குடுக்கக்கூடாது. சாப்பாட்ட மூடி வெக்கணும், ஈ உக்காந்தா கடைக்காரந்தான் பொறுப்பு. வர்றவன் மருந்துத் தண்ணில கைய கழுவிட்டுத்தான் உள்ள வரணும். ஊசி போட்ட சீட்டு இல்லாதவனுக்கு உள்ள எடமில்ல. ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் நடுவுல கை நீட்டுற தூரம் இருக்கணும். கடைய சுத்திப் பலகை அடைக்கக்கூடாது, காத்து போகணும். வெளியூர் லோரிக்காரங்க கடை முன்னால கட்டுற கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னுதான் வாங்கணும். சீக்காளி யாரும் வந்தா அந்த நிமிஷமே டிரெசர்கிட்ட சொல்லிட்டுக் கடைய மூடிடணும். மறைச்சா..."

கிராணி அதோடு நிறுத்தினார். மறைத்தால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, "திங்க அரிசி இல்ல, கைய கழுவச் சட்டமா? நல்ல சுசா லா இது, பெரிய தொல்லை" என்றார்கள். சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது.

எனக்குத் திறந்தால் போதும். அன்றைக்கே பலகைகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். பிடுங்கி முடித்ததும் மலைக்காற்று நேராக உள்ளே வந்து அடுப்பை அணைத்தது. அடுப்பைச் சுற்றிக் கல் அடுக்கினோம். விறகு வெட்டித் தோள் வீங்கியது, ஊசி போட்டுக் கை வீங்கியது. டிரெசர் கொஞ்சம் மருந்துப் பொடி கொடுத்தார். ஒரு சிட்டிகை போட்டால் வாளித் தண்ணீர் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகிவிடும். கயிறு கிடைத்தது. கிழங்குத் தட்டை மூடத்தான் துணி இல்லை. சாக்கு கட்டிக்கொண்டு ஜனங்கள் நடமாடிய காலம் அது. கிழங்கை மூட எங்கே துணிக்குப் போவது?

நான் விறகு எடுத்துக்கொண்டு திரும்பியபோது அண்ணி கத்தியால் கொசுவலையைக் கிழித்துக்கொண்டிருந்தார். என் கணவர் தாப்பாவில் வாங்கி வந்த வலை. அவர் போன பிறகு நான் அதை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தேன்.

"யாரக் கேட்டுக் கிழிச்சீங்க?"

"யாரக் கேக்கணும்?"

"அது அவரோடது."

"அவன் வந்தா புதுசு வாங்கிக்குவான். வலைய பெட்டில வெச்சுப் பூஜை பண்ணா அவன் வந்துருவானா? கடை தொறந்தாதான்டி நாலு பேரு வருவான், நாலு சேதி வரும்."

விறகைக் கீழே போட்டேன். லோரிக்காரர்களிடம் நான் மெல்லக் கேட்பது அண்ணிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தினமும் அவர் அடுப்புக்குப் பின்னால் நின்று பதிலுக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்றைக்கு அவரோடு மேற்கொண்டு சண்டை போடவில்லை. கிழித்த துண்டுகளுக்கு விளிம்பு மடித்துத் தைத்தேன்.

சோதனை பண்ண ஒரு ஜப்பான் அதிகாரி வந்தார். கூடக் கிராணியும் டிரெசரும். நாங்கள் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றோம். அவர் கயிற்றைப் பார்த்தார், வலையைத் தூக்கிப் பார்த்தார், மருந்து வாளியைப் பார்த்தார். பெரிய பானைக்கு முன்னால் வந்து நின்று, மலாயில் "பானாஸ்?" என்றார். சூடா என்று கேட்கிறார்.

"பானாஸ், துவான்" என்றேன்.

நான் சொன்னதை நம்பாமல் விரலைப் பானைக்குள் விட்டுவிட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்து, கையை உதறிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். ஃபேக்டரிப் பக்கத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். கன்னத்தை அறைக்குத் தயாராக வைத்துக்கொண்டு குனிந்தேன். அண்ணி மருந்து வாளியைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினார். அவர் அதற்குள் கையை விட்டார். பிறகு கையை எடுத்து, திரும்பி, பக்கத்தில் நின்ற கிராணியை ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

அறை கிராணிக்கு விழுந்தது. முத்திரை எங்கள் கடைக்கு விழுந்தது. "கொதிக்குதுன்னுதானே சொன்னா அந்தப் பொண்ணு" என்று கிராணி போகிற வழியெல்லாம் டிரெசரிடம் முனகிக்கொண்டு போனார்.

கடை திறந்த அன்று ஒருவரும் வரவில்லை. பானை கொதித்துக்கொண்டே இருந்தது. நான் கயிற்றை அவிழ்த்து இறுக்கி அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். மறுநாள் கங்காணி வந்தார். நேராகக் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து பெஞ்சில் உட்காரப்போனார்.

"கைய கழுவிட்டு வாங்க" என்றார் அண்ணி.

"நானா? நான் கழுவணுமா? உன் தம்பிக்கு வேல வாங்கிக் குடுத்தவன் நான்."

"வேலையா குடுத்தீங்க? லோரில ஏத்துனீங்க. கழுவுங்க."

கங்காணியின் முகம் கறுத்தது. ரோட்டில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவர் வேட்டியைச் சரிசெய்வதுபோல் குனிந்து, வாளிப் பக்கம் போய்க் கையை நனைத்துவிட்டு வந்தார். நின்று பார்த்த இரண்டு பேரும் பின்னாலேயே வந்து கழுவினார்கள். அதற்குப் பிறகு கடைக்கு ஆள் வந்தது.

லோரிகளும் நின்றன. ஆனால் கயிறு எனக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. முன்பு கையில் கோப்பையைக் கொடுக்கும்போது ரகசியமாகக் கேட்டது இப்போது முடியாது. கயிற்றோரம் போட்டிருந்த கல்லின்மேல் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பின்னால் வந்துவிட வேண்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்கும்படி, "சயாம் ஆளுங்க வந்தாங்களா?" என்று கத்த வேண்டும். முதல் நாள் வெட்கமாக இருந்தது. பிறகு நான் கத்துவதற்கு முன்பே கடையிலிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதைக் கவனித்தேன். எந்த வீட்டில்தான் போகாத ஆள்?

அப்படி ஒரு மத்தியானம், தாப்பாவிலிருந்து காலியாக ஏறி வந்த லோரியிலிருந்து ஓர் ஆள் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட இறக்கி வைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பில் சாக்கு. காலில் புண்ணின்மேல் ஏதோ இலையை வைத்துக் கட்டியிருந்தது. லோரி போய்விட்டது. அவர் கயிற்றண்டை வந்து, அதைப் பிடிக்காமல், அதன்முன் நின்றார்.

"தங்கச்சி, தேயிலைத் தோட்டம் இதானே? சயாம்லேர்ந்து வர்றேன்."

நான் கயிற்றைத் தூக்கிவிட்டேன். தூக்கிய கையை யாரோ பின்னாலிருந்து பிடித்து முறுக்கினார்கள். அண்ணி.

"கயித்த விடு."

"சயாம்லேர்ந்து வர்றாராம் அண்ணி!"

"எனக்கும் காது கேக்குது. கயித்த விடுடி. இங்கேர்ந்தே கேளு."

அவர் பிடி தளரவில்லை. என்னை இழுத்துப் பின்னால் விட்டுவிட்டு, அவரே ஒரு கொட்டாங்கச்சியில் சூடாகக் கஞ்சி ஊற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தார். "எடுத்துக்கங்க. அவசரப்படாதீங்க, வயிறு தாங்காது" என்றார்.

அந்த ஆள் குடித்து முடிக்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. என் கணவரின் பேரைச் சொல்லிக் கேட்டேன். தெரியும் என்றார். நெட்டையாக, புருவத்தில் வெட்டுத் தழும்போடு இருப்பார் என்றேன். அவனேதான் என்றார். நான் அழ ஆரம்பித்தேன். அண்ணி அழவில்லை. நான் சொன்னதற்கெல்லாம் அந்த ஆள் ஆமாம் போட்டதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். பசிக்கு எதையாவது சொல்லிக் கஞ்சி வாங்கிக் குடிக்கிறவர்களும் அந்தக் காலத்தில் உண்டு.

"பேரு, தழும்பு எல்லாம் இவ எடுத்துக் குடுத்தது. அவன் வேற என்ன சொன்னான்? அதச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஆள் யோசித்தார். "ஒரு ஆட்டப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பான். வெள்ளாடு, ஒத்தக் கொம்பு. எங்கக்கா அத வித்துரும்பா, அதுக்கு ஆட்டக் கண்டாலே ஆகாதுன்னு புலம்புவான்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "விக்கலடா" என்றார், அந்த ஆளைப் பார்த்து, தம்பியிடம் சொல்வதுபோல. "நான் விக்கலடா. சிப்பாய் புடிச்சிக்கிட்டுப் போயிட்டான்டா." சிரிப்பும் அழுகையுமாக அவர் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எப்போ பாத்தீங்க கடைசியா?" என்றேன்.

"மழை புடிச்சப்போ. ஆத்துக்கு அந்தாண்ட வேற கேம்புக்குக் கொண்டு போனாங்க. நடந்துதான் போனான், தூக்கிக்கிட்டுப் போகல."

எந்த மழை? அவருக்கு மாதம் தெரியவில்லை. எங்கள் மலையிலோ மழை பெய்யாத மாதமே கிடையாது. நான் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்குப் பல் கிட்டியது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஓடு. டிரெசரக் கூட்டிக்கிட்டு வா."

"கூட்டிட்டு வந்தா இவரக் கொட்டகைல போட்ருவாங்க அண்ணி. கடையையும் மூடிருவாங்க. இன்னும் எவ்வளவோ கேக்கணும் நான்!"

அந்த ஆளும் கையெடுத்துக் கும்பிட்டார். "யக்கா, கொட்டகைக்கு மட்டும் அனுப்பாதீங்க. சயாம்ல கொட்டகைக்குப் போனவன் ஒருத்தன்கூடத் திரும்பி வரல. நான் இப்படியே காட்டுப் பக்கம் போயிடுறேன்."

அண்ணி கயிற்றருகே போனார். அந்தப் பக்கம் போகவில்லை.

"இது சயாம் இல்ல. இங்க வேலி இருக்கு, வேலிக்கு இந்தாண்ட நான் தெனம் கஞ்சியோட வந்து நிப்பேன். நான் வந்து நிக்கிறப்போ நீங்க உள்ள உசுரோட இருக்கணும். புரியுதா? எனக்கும் கேக்கவேண்டியது இருக்கு."

நான் ஓடினேன். வழி முழுக்க அண்ணியைத் திட்டிக்கொண்டே ஓடினேன். டிரெசர் இரண்டு ஆளோடு வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார். கடை மறுபடி மூடியது. கல், பெஞ்சு, கயிறு எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு தெளித்தார்கள்.

அண்ணி சொன்னபடி தினமும் வேலியண்டை போனார். நானும் போனேன். நான் கேள்வி கேட்கப் போனேன். அவர் கஞ்சி கொடுக்கப் போனார். புண்ணைக் கழுவ உப்பு வேண்டும் என்று டிரெசர் சொன்னதும், வீட்டில் ஒளித்து வைத்திருந்த உப்பை அண்ணி அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். உப்பில்லாத கிழங்கை நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றேன். அந்த ஆளுக்குக் காலரா இல்லை என்று தெரிந்தது. மலேரியாவும் காலில் அழுகிய புண்ணும்தான். மெல்ல எழுந்து உட்கார்ந்தார், பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லயங்களில் யாருக்கும் அவரால் ஒன்றும் வரவில்லை. நான் கயிற்றைத் தூக்கி அவரை உள்ளே கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்காதுதான். ஆனால் அன்றைக்கு அது எங்களில் யாருக்குத் தெரியும்?

கடை மூன்றாவது தடவையாகத் திறந்தபோது அவர்தான் எங்களுக்கு விறகு பிளந்தார். ஊருக்குத் திரும்பிப் போக அவருக்கு யாரும் இல்லை. பெண்டாட்டி, தாய் எல்லாரும் அவர் சயாமில் இருந்தபோதே போய்விட்டார்கள் என்று கீழே தாப்பாவில் கேள்விப்பட்டுத்தான், பேசுவதற்காவது ஓர் ஆள் வேண்டும் என்று சிநேகிதன் சொன்ன மலையைத் தேடி ஏறி வந்திருக்கிறார். ஃபேக்டரியை ஒட்டி ஒரு மூலையில் படுத்துக்கொண்டார். அவரையும் அண்ணியையும் சேர்த்து லயத்தில் பேச்சு கிளம்பியது. அண்ணி காதில் வாங்கவில்லை. உத்தரவுக் காகிதம் மழையில் ஊறி உதிர்ந்துபோனது. மருந்துப் பொடி தீர்ந்த பிறகு சாம்பலை வைத்துக் கை கழுவச் சொன்னார் அண்ணி. யாரும் மறுக்கவில்லை.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு லோரிக்கும் நான் முடக்கில் நின்றேன். நின்று நின்று அலுத்து, இனி வரமாட்டார் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். அண்ணி அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார். அதற்கப்புறம் சில வாரங்கள் கழித்து, நான் ஆற்றங்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது என் கணவர் வந்து சேர்ந்தார். பாதி ஆளாக வந்தார். ஒரு காது கேட்கவில்லை. சொல்லியனுப்பியதும் ஈரச்சேலையோடு ஓடிவந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வந்ததும் விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். முன்பெல்லாம் விட்டிருக்க மாட்டார்.

அந்த வருஷமே ஒருநாள் காலையில் அண்ணி சொன்னார்: "பிரிஞ்சாங்ல கடை போடப்போறோம்."

"போறோமா? யார் யாரு?" என்றார் என் கணவர்.

அண்ணி விறகு பிளந்துகொண்டிருந்தவரைக் கையால் காட்டினார். என் கணவர் எழுந்துவிட்டார். "அறுத்துக் கட்டப்போறியா? ஊரு சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டும். உன்ன லோரில ஏத்துனப்போ ஊரு அழுதுச்சா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் பேசுவேன் என்று நினைத்திருப்பார். "அண்ணி போகட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் அண்ணி போய்விட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்தது. காய்கறி லோரியில் பானையும் சட்டியுமாக அவர்கள் ஏறினார்கள். என் கணவர் வந்து வழியனுப்பவில்லை.

கொஞ்ச நாள் கோபமாக இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்கறி வாங்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு பிரிஞ்சாங்குக்குப் போனார். அண்ணி "வா" என்றுகூடச் சொல்லாமல் என் கையில் ஒரு கூடைக் கிழங்கைக் கொடுத்து உரிக்கச் சொன்னார். இரண்டு ஆண்களும் கடைக்குப் பின்னால், முட்டைக்கோஸ் பாத்தி ஓரமாக, ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார்கள். என் கணவர் வீட்டில் சயாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அங்கே பேசினார். கேட்காத காதை விட்டுக் கேட்கிற காதை அந்த மனிதர் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அதிலிருந்து ஞாயிறுதோறும் போவோம். நானோ அண்ணியோ தேத்தண்ணி எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். வாங்கிக்கொண்டு, நாங்கள் திரும்பிப் போகும்வரை முட்டைக்கோஸைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.